அடுப்புல என்ன இருக்கு?

தொலைபேசியில் யாரை அழைத்தாலும், நலம் விசாரித்து முடித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

“அடுப்புல என்ன இருக்கு?”

மறுமுனையில் இருக்கும் பெண் மீனாணம் என்பாள், மீன்குழம்புக்கு அங்கே அதுதான் பெயர். சோறு கொதிக்குது என்பாள். இப்பத்தான் பால் வச்சேன் என்பாள். “எறக்கி வச்சிட்டு வாங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன்” என்பார் இவர். பிறகு ஒரு காத்திருப்பு. ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்தபடி, ஜன்னல் வழியே பேருந்து நிலையத்துப் புழுதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கோ ஒரு கடலோர வீட்டில் பாத்திரம் நகரும். குழந்தை சிணுங்கும். அந்தப் பெண் திரும்பி வந்து ‘சொல்லுங்க’ என்ற பிறகுதான் விசா தள்ளிப்போன செய்தியையோ, மருத்துவப் பரிசோதனையில் கணவன் தேறாமல் போன செய்தியையோ சொல்வார்.

அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்காது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தால் அடுத்த வேலையைப் பார்க்கலாமே என்று இருக்கும். எனக்கு அப்போது எல்லாவற்றிலும் அவசரம்.

ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பி, டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் அது. உள்ளறையில் முதலாளி. முன்னறையில் நானும் அவரும். நான் நயினார்கோவில் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவன். மழை பெய்தால் ஊர், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலங்காடு. அவர் கீழக்கரை பஸ்ஸில் வந்து இறங்குவார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. சம்பளம் கொடுக்கும்போது முதலாளிக்கு மட்டும் அது நினைவுக்கு வரும். மற்றபடி எல்லோருக்கும் அவர் லாத்தா. கரையோர முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்த முதலாளியும் லாத்தா என்றார். டீ கொண்டுவரும் பெரியவரும் லாத்தா என்றார். நானும்.

முதலாளிக்கு அவரை எதற்காக வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று முதலில் தெரிந்திருக்காது. டைப் அடிக்கத் தெரியும், கொஞ்சம் அரபி படிக்கத் தெரியும், அதனால் வைத்திருப்பார். போகப் போகத்தான் வேறொன்று தெரிந்தது. மாடிப்படி ஏறி வருகிற ஒருவருடைய செருப்புச் சத்தத்திலேயே வருவது கோபமா, பயமா, வெட்கமா என்று அவருக்குத் தெரிந்துவிடும். காலையில் முதலாளி வந்ததும் நான் கையெழுத்துக்குக் கோப்பை நீட்டப் போனால் கண்ணாலேயே தடுப்பார். “இப்ப வேணாம் தம்பி. மகன்கிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்காக. டீ குடிக்கட்டும்.” டீக்குப் பிறகு நீட்டுவேன். கையெழுத்து விழும்.

ஒரு நாள் முதுகுளத்தூர் பக்கத்து ஆள் ஒருவர் பெட்டியும் பையுமாகப் படியேறி வந்தார். மிளகாய்க் காட்டுக்காரர். நாற்பதை ஒட்டிய வயது, முதல் பயணம். அன்றைக்கென்று பார்த்து, கம்பெனிக்காரன் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டான். தகவல் சொல்ல நான் அழைத்தபோது அவர் பஸ்ஸில் இருந்திருக்கிறார், கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் மேசையை ஓங்கிக் குத்தினார். கண்ணாடித் தட்டில் விரிசல் ஓடியது.

“யாருய்யா இங்க பொறுப்பு? மனுசன எதுக்குய்யா இங்கனயும் அங்கனயும் அலைய விடுறீங்க?”

“அண்ணே, கொஞ்சம் அமைதியா இருங்க…” என்றேன்.

“என்னத்தலே அமைதி? ஏலே, உன்னக் கொண்டாந்து என் எடத்துல நிறுத்துனா நீ அமைதியா இருப்பியா?”

லாத்தா எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில், அந்த மனிதருக்கு ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். அது அவருடைய பழக்கம். யாருக்குச் சிக்கலோ, அவர்கள் பக்கத்து பெஞ்சுக்குப் போய்விடுவார். அங்கிருந்து பார்த்தால் என் மேசையும், முதலாளியின் கதவும், சுவரில் தொங்கும் விமானப் படமும் எப்படித் தெரியுமோ, அப்படிப் பார்ப்பார் போலிருக்கிறது.

“எல்லார்ட்டயும் சொல்லிட்டுக் கெளம்பிட்டீக, இல்ல?” என்றார்.

அந்த மனிதர் பெட்டியைக் காலோடு இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, “சாமி கும்புட்டு, துன்னூறு பூசி, மாமன் மச்சினன் எல்லாம் வந்து பஸ் ஏத்திவிட்டு, மக அழுது… இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டும்மா திரும்பிப் போவேன்?” என்றார்.

“போக வேணாம்.”

“அப்ப?”

“பயணத் தேதி வர்ற வரைக்கும் இங்கனயே இருங்க. எடத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்.”

எங்கள் ஊர்களில் விடைபெற்றுக் கிளம்பினவன் அன்றே வாசலில் வந்து நின்றால் வீடே கூசிப்போகும். விமானம் ஒரு வாரம் தள்ளிப்போனது அவருக்குப் பெரிதில்லை. அந்த வாசல்தான் பெரிது. எனக்குத் தெரியாத ஊர் வழக்கமா அது? என் ஊரும் அதுதான். ஆனால் நான் விரிசல் விட்ட கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சாமான்கள் போட்டுவைக்கும் எங்கள் கிட்டங்கி அறையில் தங்கினார். பகலில் உத்தரகோசமங்கைக்குப் பஸ் ஏறிப்போய்க் கோயில் பிரகாரத்தில் படுத்துக் கிடந்துவிட்டு, அந்தி சாய வருவார். “வீட்டுக்கு மெட்ராஸ்ல நிக்கிறேன்னு சொல்லியிருக்கேன், போன் வந்தா நீங்களும் அப்படியே சொல்லிருங்கம்மா” என்றார் லாத்தாவிடம்.

“அது உங்க பொய்யி. நான் சொல்ல மாட்டேன். வேணும்னா போன எடுக்காம இருக்கேன்.”

போன் வந்தது. லாத்தா எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

அன்று அவர் மேசையைக் குத்திவிட்டுக் கீழே இறங்கிப் போனபிறகு லாத்தா செய்ததையும் சொல்ல வேண்டும். மூலையிலிருந்த குழாயடிக்குப் போய், இரண்டு மணிக்கட்டுகளையும் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றார். தொழுகைக்கு முந்தைய கைகால் சுத்தமோ என்று நினைத்து, “ஒளு செய்றீங்களா லாத்தா?” என்றேன்.

“இல்ல தம்பி. அவுக கோவம் மேல ஒட்டிக்கிட்டு இருக்கு. இத வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுல்ல.”

யார் வந்து கத்தினாலும், அழுதாலும், அவர்கள் போனதும் குழாயடிக்குப் போவார். ஆனால் ராமநாதபுரத்தில் குழாய் இருக்கும், தண்ணீர் இருக்காது. அந்த நாட்களில் காய்ந்த குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவார். சாயங்கால பஸ்ஸுக்கு அவர் படியிறங்கும்போது பின்னாலிருந்து பார்ப்பேன். ஒரு பகல் முழுக்க ஊரார் இறக்கிவைத்த மூட்டைகளோடு அவர் கைப்பிடிச் சுவரைத் தொட்டுத் தொட்டு இறங்குவது போலிருக்கும்.

பெரிய செய்திகளைப் போனில் சொல்ல மாட்டார். நேரில் போவார். ஆட்டோவில் அவர் பின்னால், நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில். கடற்கரை ஊர்களில் வீடுகள் உள்ளுக்குள் நீளும். ஆண்கள் முன்கட்டோடு சரி. உள்ளே பெண்கள் இருக்கும் இடத்துக்கு வேற்றாள் போக முடியாது. முதலாளியோ நானோ போனால் செய்தி வாசலிலேயே நின்று, யாரோ ஒரு சிறு பெண்ணின் வாய்வழியாக அரைகுறையாக உள்ளே போகும். லாத்தா போனால் செய்தியும் அவரோடு நடந்து உள்ளே போகும்.

வெளிநாட்டில் ஒருவர் இறந்த செய்தியோடு அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது, வாசலிலேயே அவருடைய மைத்துனர் வழிமறித்தார்.

“லாத்தா, இப்பத்திக்கு சீரியஸ்னு மட்டும் சொல்லுங்க. மெதுவா மெதுவா நாங்க சொல்லிக்கிறோம்.”

“நீங்க வேணும்னா அப்படிச் சொல்லுங்க. நான் ஒரு தடவதான் சொல்வேன், உள்ளதத்தான் சொல்வேன்.”

“அவ தாங்க மாட்டா.”

“யாரும்தான் தாங்க மாட்டாங்க.”

உள்ளே போனார். முன்கட்டில் நின்ற எனக்கு அவருடைய குரல் மட்டும் கேட்டது. அடுப்புல என்ன இருக்கு? எறக்கி வச்சிருங்க. புள்ளைகள பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்க. இங்கன என் பக்கத்துல ஒக்காருங்க. அப்புறம் ஒரே ஒரு வாக்கியம், தணிந்த குரலில், சுற்றி வளைக்காமல். அப்புறம் அந்த வீடு. அதைப் பற்றி எழுத எனக்கு இன்றும் வலுவில்லை. கச்சான் காற்று தெருவில் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது, அதை மட்டும் எழுதுகிறேன். தெருப்பெண்கள் ஓடிவந்து, “சபூர் செய்யும்மா, சபூர் செய்யும்மா” என்றார்கள். பொறுத்துக்கொள் என்பதற்கு அந்த வீடுகளில் சொல்லும் சொல் அது. எல்லாக் குரலும் அதைச் சொன்னது, லாத்தாவின் குரல் சொல்லவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். “நீங்க மட்டும் சபூர்னு சொல்லவே இல்லையே லாத்தா?”

“அழுவுறவள அழுவ விடாம, எதுக்கு வாயப் பொத்தணும்? சபூர அல்லா குடுப்பான். நம்ம எதுக்கு முந்திக்கிட்டுப் போய் நீட்டுறது?”

சிறிது தூரம் போனபிறகு அவராகவே சொன்னார். அவருடைய கணவரும் சபரில் போனவர்தான். வெளிநாட்டுப் பிழைப்பை அவர்கள் சபர் என்பார்கள். அவர் அங்கே இறந்தபோது இவருக்குப் போனில் சொல்லப்பட்டது, சீரியஸ் என்று மட்டும். அந்த வாரமெல்லாம் நோன்பு வைத்து, நல்லபடியா எழுந்துவரணும் என்று துவா கேட்டுக்கொண்டிருந்தாராம். அடக்கமே முடிந்துவிட்டது, இவர் மட்டும் சுகம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் போன் வந்தபோது அடுப்பில் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. இவர் போனோடு சுவரில் சாய்ந்துவிட்டார். சின்னவளாக இருந்த மகள் உம்மாவுக்கு உதவுகிறேன் என்று சட்டியை இறக்கப் போயிருக்கிறாள்.

“இங்கன இருந்து இங்கன வரைக்கும்” என்று தன் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். “அந்தத் தழும்பப் பாக்கும்போதெல்லாம் நான் அந்தப் போன எடுத்த மாதிரியே இருக்கும்.”

ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்காமல் ஓட்டினார்.

நல்லது என்று ஒருவர் தொடங்கும் பழக்கம் ஊருக்குள் என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. போகப் போக அந்தக் கேள்வி ஊரெல்லாம் தெரிந்துபோனது. ஒரு கல்யாண வீட்டில், கணவன் ஷார்ஜாவில் இருக்கும் பக்கத்துத் தெருப் பெண்ணைப் பார்த்து, வேறொன்றும் பேசக் கிடைக்காமல், “என்னம்மா, இன்னைக்கு வீட்டுல அடுப்புல என்ன?” என்று கேட்டிருக்கிறார் லாத்தா. அவள் அலறிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பந்தி எழுந்துவிட்டது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று இவர் சொல்லச் சொல்ல அவள் அழுகை கூடுகிறது. கடைசியில் அந்தக் கணவனை வீடியோவில் கூப்பிட்டு முகத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. அவன் தலைக்கவசத்தோடு ஏதோ கட்டடத்தின் உச்சியில் நின்றுகொண்டு, “லாத்தா, நான் உசுரோடதான் இருக்கேன். தயவு செஞ்சு நீங்க எதையும் சொல்லிப்புடாதீங்க!” என்று கத்தினானாம்.

இதை எங்களிடம் சொல்லும்போது சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, “இப்பல்லாம் தெருவுல நான் போனா, கேக்கறதுக்கு முந்தியே, அடுப்புல ஒண்ணுமில்ல லாத்தான்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திக்கிறாளுக” என்றார். அதற்குச் சிரிக்கவில்லை.

நான் இப்போது வேறு ஊரில், வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். போன மாதம் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். உணர்வுகளை அறிந்து நடந்துகொள்வது எப்படி, வேலையிலும் வீட்டிலும். பயிற்சி கொடுத்தவர் நல்லவர். கோபப்படுகிறவரிடம் அமைதியாக இருங்கள் என்று சொல்லாதீர்கள் என்றார். எதிரே இருப்பவர் எதை இழக்கப் பயப்படுகிறார் என்று பாருங்கள் என்றார். எல்லாம் சரிதான். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பகல் முழுக்க அடுத்தவர் மனதைப் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் வீடு திரும்புகிறவரிடம் வீட்டுக்கென்று என்ன மிச்சமிருக்கும்? கேட்கலாமென்று கையைத் தூக்கப் போனேன். மதியச் சாப்பாடு வந்துவிட்டது.

மிச்சமிருந்தது என்ன என்பதை அவருடைய மகள்தான் ஒரு நாள் எங்கள் முன்னறையில் வைத்துச் சொன்னாள்.

அவளை மண்டபம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணமான சூட்டோடு மாப்பிள்ளை சபருக்குத் திரும்பிவிட்டார். ஒரு மத்தியானம் அந்தப் பெண் கைப்பையோடு நேராக எங்கள் அலுவலகப் படியேறி வந்தாள். கையில் அந்தத் தழும்பு. முன்னறையில் நான் இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

“நான் இனி அங்க போகல உம்மா.”

விஷயம் வெளியிலிருந்து பார்த்தால் சின்னது. கணவனுடைய போன் தினமும் மாமியாரின் செல்லுக்குத்தான் வரும். கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டு வைப்பார்கள். மாமியார், மாமியாரின் தம்பி, நாத்தனார் எல்லோரும் பேசிமுடித்து இவள் முறை வரும்போது, “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்” அவ்வளவுதான். இவளுடைய செல்லை, புதுப்பெண்ணுக்கு எதற்குத் தனிப் போன் என்று மாமியார் வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார். கணவன் போன இந்த ஒரு வருஷத்தில் அவனிடம் யார் காதிலும் விழாமல் ஒரு சொல் பேசியதில்லை.

லாத்தா எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். பெஞ்சில், மகளுக்குப் பக்கத்தில்…

“ஒக்காராதீங்க!”

லாத்தா பாதி குனிந்தபடி நின்றார்.

“பெஞ்சுல வந்து ஒக்காராதீங்க உம்மா. எல்லாருக்கும் இப்படித்தான் ஒக்காருவீங்க. இப்ப அந்தக் குரல்ல பேசுவீங்க.”

“இல்லம்மா. ஒனக்கு எம்புட்டு வேதனையா இருக்கும்னு…”

“பாத்தீங்களா!”

“சரி. நான் சொல்றதக் கேளு. உன் மாமிக்கும் மகன் கொரலு அந்தக் கொஞ்ச நேரந்தான். புருசனில்லாத பொம்பள. அவுக பக்கமும் பாக்கணும்ல. கொஞ்ச நாளைக்கு சபூரா…”

சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சொல் அவருக்கே கேட்டுவிட்டது. எனக்கும் கேட்டது. ஊரில் எந்த வீட்டிலும் சொல்லாத சொல்லை அவர் தன் மகளிடம் சொல்லியிருந்தார்.

மகள் அழவில்லை. “ஊருல உள்ள எல்லார் பக்கமும் பாக்குறீங்க. என் பக்கம் எப்ப உம்மா பாப்பீங்க? இன்னொரு தடவ சபூர்னு சொன்னீங்கன்னா தொண்டியில சாச்சி வீட்டுக்குப் போயிருவேன். பொறவு உங்ககிட்ட பேசவே மாட்டேன்.” கைப்பையை எடுத்துக்கொண்டு கீழக்கரை பஸ் பிடிக்க இறங்கிப் போனாள்.

லாத்தா வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்று குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் விடுப்பு. சம்பந்தி வீட்டார் பேச வருகிறார்கள் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். அன்று பார்த்து ஒரு செய்தி வந்தது. அவருடைய பின்தெருக்காரர் ஒருவருக்கு வேலையிடத்தில் கால் நசுங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டொரு நாளில் சக்கர நாற்காலியில் வந்து இறங்குவார், அதற்கு முன் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். முதலாளி என்னை அனுப்பினார். “லாத்தா வீட்டுலதான இருக்காக. ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வரச் சொல்லு. அவுக சொன்னாத்தான் அந்த வீடு தாங்கும்.”

நான் போனபோது ஜும்ஆத் தொழுகை முடிந்து தெரு அடங்கியிருந்தது. வெயிலில் சுவர்கள் உப்புப் பூத்துக் கிடந்தன. வாசலில் வெளியூர்ச் செருப்புகள். கூப்பிடுவதா வேண்டாமா என்று முன்கட்டிலேயே நின்றேன். நின்று எனக்குப் பழகிய இடம்தான்.

உள்ளே மாமியார் அழுதுகொண்டிருந்தார். “எம் மகன் கொரலு எனக்கு அந்த அர மணி நேரந்தாம்மா. அதையும் இவ பங்கு போடச் சொல்றா. நான் எங்க போவேன்?”

கூட வந்திருந்த அவருடைய தம்பி தொண்டையைச் செருமினார். “சின்ன விசயம். புள்ளைய அனுப்பி வைங்க. நீங்க நாலு பேருக்குப் புத்தி சொல்றவுக. உங்களுக்குத் தெரியாததா?”

லாத்தா பேசத் தொடங்கினார். அந்தத் தணிந்த குரல். “எனக்குப் புரியுதும்மா. நானும் புருசன் கொரலக் கேக்கறதுக்குப் போன் பக்கத்துலயே படுத்துக் கெடந்தவதான். உங்க வேதன எனக்குத் தெரியாதா…”

கதவிடுக்கில் மகளின் முந்தானை தெரிந்தது. அது மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. உள்ளே எங்கோ ஒரு பையின் ஜிப் இழுபடும் சத்தம்.

லாத்தாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

“ஆனா,” என்றார். நின்றார். “ஆனா இன்னைக்கு நான் உங்க பக்கம் பாக்க மாட்டேன்.”

“என்னம்மா சொல்றீக?”

“பாக்க மாட்டேங்கிறேன்! எம் புள்ள என்ன ரேடியோவா, நடுவீட்டுல வச்சு எல்லாரும் கேக்கறதுக்கு? அவ புருசன்கிட்ட அவ பேசறதுக்கு நீங்க யாரு காவலு?”

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அது ஓர் அழகான குரல் இல்லை. கீச்சென்று உடைந்து, மூச்சு வாங்கி, பாதிச் சொல்லில் திரும்பிப் பழைய சொல்லுக்கே போகிற குரல். அந்தத் தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்க பேசாதீங்க! பொண்டாட்டி புருசன் பேசறத ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீகளே, எந்திரிச்சுப் போகணும்னு தோணுச்சா உங்களுக்கு?” மாப்பிள்ளையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். அதில் ஒன்று நியாயமில்லாதது. வெளிநாட்டில் எங்கோ பத்துப் பேர் படுக்கும் அறையில் கிடக்கும் அந்தப் பையனுக்கும் தனிமை எங்கே இருக்கிறது? இது லாத்தாவுக்குத் தெரியும். எல்லோரையும்விடத் தெரியும். தெரிந்தே சொன்னார்.

மகள் கதவுக்கு வெளியே வந்துவிட்டாள். கையில் பை இல்லை. தன் உம்மாவை முதல்முறை பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த வாடை வந்தது. நெய்யும் ஏலக்காயும் தீய்கிற வாடை. உள்ளே யாருக்கும் அது உறைக்கவில்லை. கூப்பிட்டுச் சொல்லலாம், ஆனால் அந்தக் குரலை நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சந்து வழியாகச் சுற்றிப்போய்ப் பின்வாசல் ஏறினேன். இத்தனை வீடுகளில் அடுப்பு அணைக்கப்படுவதை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். ஒரு சமையலறைக்குள் அன்றுதான் கால் வைத்தேன். தேக்சாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு புகை வந்துகொண்டிருந்தது. கேஸை மூடினேன். ஜன்னலைத் திறந்துவிட்டு வந்த வழியே முன்வாசலுக்குத் திரும்பினேன்.

சம்பந்தி வீட்டார் வெளியே வந்தார்கள். மாமியார் படியில் செருப்பைத் தேடியபடி, “அவகிட்டயே போனக் குடுத்துருந்தா முடிஞ்சு போச்சு, அதுக்கு இம்புட்டுச் சத்தமா?” என்றார். தம்பி, “நாங்க மகன்கிட்ட கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்” என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

லாத்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. முகமெல்லாம் வேர்வை.

“தம்பி, எப்ப வந்தீக?”

வந்த விஷயத்தைச் சொன்னேன். பின்தெரு, கால், சக்கர நாற்காலி. கேட்டுக்கொண்டார். எப்போதும்போல முக்காட்டை இழுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“இப்ப ஏலாது தம்பி. உள்ளுக்குள்ள இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு. இதோட அந்த வீட்டு வாசல்ல ஏறக் கூடாது. அஸர் தொழுகைக்குப் பொறவு போறேன்னு முதலாளிகிட்ட சொல்லுங்க.” கொஞ்சம் யோசித்து, “அது வரைக்கும் எம் மககூட இருக்கேன்” என்றார்.

சரியென்று தலையாட்டினேன். திரும்பியவன் நின்று, “லாத்தா, பின்பக்கமா வந்து அடுப்ப அணைச்சிட்டேன்” என்றேன்.

அவர் என்னை விழித்துப் பார்த்தார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

“அடுப்புல என்ன இருந்துச்சு?”

உள்ளேயிருந்து மகள் வெடித்துச் சிரித்தாள். “நெய்ச்சோறு உம்மா! உங்க சம்பந்திக்கு ஆக்கினது.” தழும்புக் கையில் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். மேலே கொஞ்சம் வெள்ளையாக இருந்தது, கீழெல்லாம் கரி. கரண்டியால் அடியைச் சுரண்டினாள். அந்தக் காய்ந்த ஓசை வீடெல்லாம் கேட்டது.

“கரிஞ்சத எதுக்குத் திங்கிற?”

“நல்லாத்தான் இருக்கு. ஒக்காருங்க.”

லாத்தா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.